ஏன் என்று எழுதாத திருத்தம்

கஹவத்தை பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கும் அறைதான் எனக்கு வீடும் அலுவலகமும். பகலில் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு இணையம் வழியாக வேலை செய்கிறேன், அது வயிற்றுப்பாட்டுக்கு. அது முடிந்தபின் செய்கிற இன்னொரு வேலைக்கு யாரும் சம்பளம் தருவதில்லை, யாரும் செய்யச் சொன்னதும் இல்லை. ஒரு இயங்குதளத்தின் கர்னலில் சின்னச் சின்னப் பிழைகளைத் தேடித் திருத்தி அனுப்புவதுதான் அந்த வேலை.

கர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற நிரல். திரையில் அது தெரியாது. ஆனால் அது சறுக்கினால் மேலே இருப்பது எதுவும் நிற்காது. நான் கைவைக்கிற கர்னல் பூட்டி வைக்கப்பட்டதல்ல. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். தப்பு கண்டால் திருத்தம் எழுதி ஒரு பொது மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பலாம். அங்கே அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் பார்த்து, சரியென்றால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் நாலு பேர் முன்னிலையில் காய்ச்சி எடுப்பார். நான் பெரிய ஆள் இல்லை. கடன் வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்த இடம், சரிபார்க்காமல் விட்ட ஒரு விடை, காலாவதியான ஒரு குறிப்பு, இவ்வளவுதான் என் திருத்தங்கள். ஆனாலும் நான் தொட்ட ஒரு வரி உலகத்தில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு இதை விளக்கப்போய் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்கா கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். மச்சானோடும் சின்ன மகளோடும் குடியிருப்பது நாங்கள் இரண்டு பேரும் பிறந்த அதே லயத்து வரிசை வீடுகளில், அதே காம்பரா அறையில்.

"சம்பளமே இல்லாமயாடி? தோட்டத்துல பாதி வேலையில மழை வந்து நிப்பாட்டினாக்கூட அரைப் பேராவது போட்டு பாதிச் சம்பளம் தருவாங்களே."

"இது வேற மாதிரி வேலை அக்கா."

"தெரியுது. கோவக்காரிக்கு மனுசரோட ஒத்துவராது, பொட்டியோட குடித்தனம் பண்றே."

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

அந்த லயத்துக்கு மேலே, தேயிலை மலையின் நடுவில், ஒரு பெரிய மழைக்காலத்துக்குப் பிறகு தரை வெடித்திருந்தது. கை நுழைகிற அகலம். எங்கிருந்தோ சில தன்னார்வப் பிள்ளைகள் வந்து அங்கே ஒரு கருவி வைத்துவிட்டுப் போனார்கள். வெடிப்புக்கு மேற்புறம் ஒரு இரும்புக் கட்டை, கீழ்ப்புறம் ஒன்று. மேல் கட்டையில் கட்டிய கம்பி வெடிப்பைத் தாண்டி வந்து, கீழே ஒரு பெட்டிக்குள் இருக்கும் பல்சக்கரத்தைச் சுற்றி, நுனியில் ஒரு எடைக்கல்லோடு தொங்கும். வெடிப்பு அகன்றால் கம்பி இழுபடும், சக்கரம் ஒரு பல் நகரும். பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று பற்களை எண்ணும். கொஞ்ச நேரத்துக்குள் அதிகம் நகர்ந்துவிட்டால், கொழுந்துக்காரிகள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் கூரையில் இருக்கும் சைரன் கத்தும். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடியதும் நான் கைவைக்கிற அதே கர்னல்தான்.

அடுத்த மழைக்காலம் முழுக்க அது வாயைத் திறக்கவில்லை. மழை விட்டு, வெயில் காய ஆரம்பித்து, மலை ஊற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீர் சுருங்கி ஒல்லியான பிறகு ஒரு நாள் மாலை கத்தியது. லயம் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்கு ஓடியது. வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. மலை அது பாட்டுக்கு நின்றது. எல்லோரும் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். அடுத்த முறை கத்தியபோது நடந்து போனார்கள். அதற்கடுத்த முறை யாரும் அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிறகு அது அடிக்கடி கத்தத் தொடங்கியது, அதுவும் பெரும்பாலும் வெயில் தாழ்கிற நேரத்தில். முனி நடமாடுகிறது, கம்பியில் இடறுகிறது என்று ஒரு கூட்டம் சொன்னது. பேட்டரி பழுது என்று இன்னொரு கூட்டம். மச்சானுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அவர் கூரையில் ஏறி, சைரனின் வாய்க்கு ஒரு யூரியாச் சாக்கைக் கட்டிவிட்டு இறங்கினார். அதன்பிறகு கேட்ட சத்தம் முன்பைவிட மோசம். வாயைப் பொத்திக்கொண்டு யாரோ அழுவது போல இருக்கும். நான் அதைக் கேட்டது ஒரே ஒரு முறை, அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா காதிலேயே வாங்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீதானே கம்ப்யூட்டர் புள்ள," என்றாள். "அத ஒரு வழி பண்ணு. புள்ள தூக்கத்துல உசும்புது."

தோட்டத்து ஆபீஸ் ஸ்டாப் ஐயாவும் அதையே சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. நான் சரி என்றேன்.

கருவி தன் எண்ணிக்கையை ஒரு சிம் கார்டு வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. அதை வைத்துவிட்டுப் போன தன்னார்வப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, அதற்குள் நுழையும் வழியைக் கேட்டு வாங்கினேன். என் அறையில் உட்கார்ந்து பார்த்தால் விஷயம் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு பல் நகரும்போதும் சக்கரம் அனுப்பும் துடிப்புகள் ஒன்றொன்றாக வராமல் கொத்தாக வந்தன. ஒன்று வரும், கண் மூடித் திறப்பதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது, பிறகு நெடுநேரம் ஒன்றும் இருக்காது. மண் அப்படித் துள்ளுமா? மண் நகர்ந்தால் மெதுவாக, ஒழுங்காக நகரும் என்று நானே முடிவு கட்டினேன். இது இரைச்சல். சக்கரத்தின் துடிப்பைக் கர்னலுக்குப் புரியவைக்கிற சின்ன நிரல் ஒன்று உண்டு, டிரைவர் என்பார்கள். அதில் இரைச்சலைத் தள்ளுவதற்கு ஏற்பாடே இல்லை. தொழிற்சாலை மெஷின்களுக்காக யாரோ எழுதியது, அங்கே தேவைப்பட்டிருக்காது.

நான் எழுதிய திருத்தம் மிகச் சின்னது. ஒரு துடிப்புக்குப் பின்னால் மிகச் சீக்கிரம் இன்னொன்று வந்தால், இரண்டாவதை எண்ணாதே. அவ்வளவுதான். பழைய எண்ணிக்கையை அதில் ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட சைரன் கத்தியிருக்காது. அழகாக இருந்தது.

அதை அன்றைக்கே மலையில் இருக்கும் கருவியில் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. கர்னலில் கைவைக்கிற எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்தைத் தன் மெஷினில் மட்டும் ஒட்டவைத்துக்கொள்ளக் கூடாது. முதலில் எல்லோருக்கும் பொதுவான மூலத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஏற்றுக்கொண்ட பிறகு, அங்கிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ரகசியமாக ஒட்டிய திருத்தம் ஏன் அங்கே இருக்கிறது என்று நாளைக்கு ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். என்னைப் போன்ற பிடிவாதக்காரிக்கு இந்த மாதிரி வழக்கங்கள் ரொம்பப் பிடிக்கும். விரதம் மாதிரி கடைப்பிடிப்பேன்.

அக்காவுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

"நம்ம லயத்து சைரன நிப்பாட்ட எவனோ வெளிநாட்டுக்காரன்கிட்ட உத்தரவு வாங்கணுமா? தொரைமாரு காலம் போயிருச்சுன்னுல்ல நெனச்சேன்."

"உத்தரவு இல்ல அக்கா. பாத்து சரிங்கணும்."

"அவன் இங்க வந்து பாப்பானா?"

"நிரலைப் பாப்பாரு. நான் எழுதின நிரலை."

"நல்லா இருக்கு. அதுவரைக்கும் சாக்கு கெடக்கட்டும்."

அந்த டிரைவருக்குப் பொறுப்பானவர் எந்த நாட்டுக்காரர், வயது என்ன, ஒன்றும் எனக்குத் தெரியாது. இரண்டு வரிக்கு மேல் எழுதாத மனிதர் என்பது மட்டும் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பதில் வந்தது. இந்தத் திருத்தம் என்ன செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தத் துடிப்புகள் ஏன் வருகின்றன என்று எழுதவில்லை. ஏன் என்று தெரியாமல் இதை எடுக்க மாட்டேன்.

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு திருத்தத்தோடும் அதன் காரணத்தை எழுத வேண்டும் என்பது எங்களுக்குப் பாலர் வகுப்புப் பாடம். மற்றவர்களுக்கு நானே எத்தனையோ முறை அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். இப்போது எனக்கே சொல்கிறார், அதுவும் எல்லோரும் படிக்கிற இடத்தில். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். கீழே துணிக்கடை முதலாளி நானா, "ஏன் மகள், காய்ச்சலா?" என்று கேட்டார்.

காரணம் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. சைரன் கத்துவது பெரும்பாலும் வெயில் தாழ்கிறபோது. இரும்புக் கம்பி பகலில் சூடாகி நீளும், மாலையில் குளிர்ந்து சுருங்கும். சுருங்கினால் சக்கரத்தை இழுக்கும். விறைத்த சக்கரம் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, தாங்க முடியாமல் கொத்தாக நாலைந்து பல் துள்ளும். எல்லாம் பொருந்தியது. பொருந்தாத சில துடிப்புகள் நடுப்பகலிலும் இருந்தன. அவற்றை நான் கண்டுகொள்ளவில்லை. திருத்தத்தின் விளக்கத்தில் காரணத்தைச் சேர்த்து, மரியாதையாக ஒரு வணக்கமும் போட்டு மறுபடி அனுப்பினேன்.

இந்த முறை பதில் ஒரே வரி. வெப்பம்தான் காரணம் என்றால் காலையில் எண்ணிக்கை திரும்பி வர வேண்டும், வருகிறதா?

அந்தக் கேள்வியை இரண்டாம் முறை படித்தேன்.

அந்தச் சக்கரம் இரண்டு பக்கமும் எண்ணக்கூடியது. கம்பி இழுபட்டால் கூட்டும், தளர்ந்தால் கழிக்கும். மாலையில் சுருங்குகிற கம்பி மறுநாள் வெயிலில் நீள வேண்டும், சக்கரம் வந்த வழியே திரும்ப வேண்டும், எண்ணிக்கை இறங்க வேண்டும். நான் முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கழித்தல் குறி இருந்திருக்கலாம், இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன். ஒன்றுகூட இல்லை. கூடியது, கூடியது, கூடியது. மழை விட்டதிலிருந்து அந்த எண் ஒருமுறையும் இறங்கவே இல்லை. கடல் தாண்டி எங்கோ உட்கார்ந்திருக்கிற, மலையைக் கண்ணால் காணாத ஒருவர் கேட்ட பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. நல்ல பட்டப்பகல், கீழே பஜாரில் பஸ்காரன் பெல்மதுளை, பெல்மதுளை என்று போகிற ஊரைக் கத்திக்கொண்டிருந்தான்.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மறுநாள் தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். வழியில் ஒரு வளைவில் பஸ் நின்று மூச்சு வாங்கும். அங்கிருந்து பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எங்கள் மலை முழுசாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்த மலை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே மேலிருந்து கீழாக ஓடும் வடிகால் கான், தலைவகிடு எடுத்த மாதிரி நேராக இருக்கும். இப்போது அது பாதி வரை நேராக வந்து, வெடிப்புக்குக் கீழே சற்று இடப்பக்கம் விலகி, மறுபடி நேராகப் போனது. பஸ்ஸில் யாரும் அதைப் பார்க்கவில்லை. என்னைத் தவிர எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மலைக்கு ஏறினேன். வெடிப்பு விழுந்ததிலிருந்து அந்த மலையில் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். தேயிலை தலைக்குமேல் வளர்ந்து காடாகியிருந்தது. உச்சி வெயில். காற்று இல்லை. பெட்டியின் மூடியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். நான் பார்க்க நினைத்தது சின்ன விஷயம். இந்த வெயிலில் கம்பி சூடாகி நீண்டுகொண்டிருக்க வேண்டும். சக்கரம் அசைந்தால், அது தளர்கிற பக்கம்தான் அசைய வேண்டும். அப்படி ஒரு பல் அசைந்துவிட்டால் போதும், நான் எழுதியது சரி, அக்கா வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. குருவிச் சத்தம் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கீழே லயத்தில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள்.

டக் என்று ஒரு சத்தம். சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. இழுபடுகிற பக்கம்.

நான் மூச்சை விடுவதற்குள் இன்னொரு பல். இன்னொன்று. எடைக்கல் என் கண்முன்னே ஒரு நகம் அளவு மேலே ஏறியது. யாரும் தொடவில்லை. காற்று இல்லை. கல்லில் உட்கார்ந்திருந்த நானும், என் காலுக்குக் கீழே இருந்த மண்ணும், கீழ்க்கட்டையும், பெட்டியும், அதற்குக் கீழே உள்ள தேயிலையும், லயமும், எல்லாம் சேர்ந்து கீழே போயிருக்கிறோம். என் உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. ரேடியோகூட நிற்கவில்லை. கீழிருந்து சாக்குக்குள் சைரன் முனக ஆரம்பித்தது.

சாவே எதிரில் வந்து நின்றிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். தேயிலைக்குள் விழுந்து எழும்பி, கையெல்லாம் கீறிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

பீலியில் அக்கா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பீலியின் வாயில் ஒரு துணி கட்டியிருந்தது. துணிக்குள் வருகிற தண்ணீர் பால் தேத்தண்ணி நிறம்.

"இது எப்ப இருந்து?"

"என்னடி இது கோலம்? அது ஒரு மாசமா அப்பிடித்தான் வருது. துணி கட்டினா வடிஞ்சிருது. வா உள்ள."

வாசல் கதவு சாத்த முடியாமல் நின்றது. அதன் அடிப்பாகம் புது மரம் தெரியச் சீவியிருந்தது. மச்சான் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மறுபடி புடிக்குது," என்றார். "எத்தன தரம் சீவினாலும் ரெண்டு நாள்தான். மரம் ஊதுது போல."

"வெயில் காலத்துல மரம் ஊதுமா மச்சான்?"

அவர் உளியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் தரையில் ஒரு நீளமான சிமெண்டுத் தழும்பு. அதன் பக்கத்திலேயே இன்னொன்று, ஈரம் காயாதது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது? துணி கட்டினார்கள், கதவைச் சீவினார்கள், சிமெண்டு பூசினார்கள், சாக்கைக் கட்டினார்கள். நான் ஒரு திருத்தம் எழுதினேன். எல்லோருமாகச் சேர்ந்து அந்த மலையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, மலை எறங்குது. இப்ப என் கண்ணால பாத்தேன். கெளம்பு."

"எங்க கெளம்ப? மழைக்கு ரெண்டு தரம் ஸ்கூல்ல போய்க் கெடந்தோம். திரும்பி வந்தா கோழியக் காணோம், கேஸ் சிலிண்டரக் காணோம். இப்ப ஒரு சொட்டு மழை இல்ல. ஆரு கேட்டாலும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

"நீ அந்தப் பொட்டியப் பாத்துப் பாத்து பயந்துட்டே. அத நிப்பாட்டச் சொன்னேன், நீ என்னடான்னா அதோட சேந்து ஊளையிடுறே."

எப்போதும் போல என்றால் நான் கத்தியிருப்பேன். கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, பேச்சோடு பேச்சாக, சுவருக்குப் போய் மாரியம்மன் படத்தின் சட்டத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தினாள். கை பழகிப்போன வேலை. என்ன செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

"அது என்ன, சாயுதா?"

"தெனமும் சாயுது. காலையில நிமித்தினா மறுநாளைக்குச் சாஞ்சிருது. ஆத்தாவுக்குப் பொங்கல் வச்சு நாளாச்சு, மொகத்தத் திருப்பிக்கிறா."

"எந்தப் பக்கம் சாயுது?"

"இந்தப் பக்கம்தான்." பள்ளத்தாக்கு இருக்கிற பக்கம் கையைக் காட்டினாள்.

"ஒரு நாளாவது மலைப் பக்கம் சாஞ்சிருக்கா?"

அக்கா படத்தையே பார்த்தாள். கை இன்னும் படத்தின் மேலேயே இருந்தது. யோசிக்கிறாள் என்று தெரிந்தது. ஒவ்வொரு காலையாகப் பின்னால் போய்த் தேடுகிறாள், நான் கழித்தல் குறியைத் தேடின மாதிரி.

"இல்ல," என்றாள். பிறகு மெதுவாக, "ஒரு நாளும் இல்லடி."

அவள் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினாள்.

எங்கள் லயத்தில் மழைக்குக் கிளம்புகிறவர்கள் அடையாள அட்டையை எடுப்பார்கள், நகையை எடுப்பார்கள், பிள்ளையின் ஸ்கூல் பேக்கை எடுப்பார்கள். சாமி படத்தை எடுக்கவே மாட்டார்கள். ஆள் இல்லாத வீட்டை அதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். படத்தை எடுத்தால் அந்த வீட்டுக்கு இனித் திரும்பி வரப்போவதில்லை என்று அர்த்தம். அக்கா அந்தப் படத்தோடு லயத்தின் நீளத்துக்கும் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழும்பி நின்றார்கள். என்ன, ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னால் சுவர்களில் சாமி படங்கள் ஆணியை விட்டுக் கழலும் சத்தம் ஒன்று, இன்னொன்று என்று வந்தது. மச்சான் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வந்தார். கதவைச் சாத்த முயலவில்லை.

ஊர் கிராம சேவகர் வந்தார். மலைக்கு ஏறிப் பார்த்துவிட்டு, இறங்கும்போது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "கவுருவத் யன்ன எபா," என்றார் சிங்களத்தில், யாரும் அங்கே போகக் கூடாது என்று. தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், மெஷின்கள் கழற்றிய வெறும் தளத்தில், சேலையும் தார்ப்பாயும் கட்டி அறைகள் பிரித்தார்கள். நான் பஜாருக்குத் திரும்பிக் குழுவுக்கு எழுதினேன். இந்தத் திருத்தத்தைக் கைவிடுங்கள். எண்ணிக்கை திரும்பி வருவதில்லை. துடிப்புகள் உண்மையானவை, மலை நகர்கிறது, அதன் கீழே என் அக்கா குடியிருந்தாள். பதில் வந்தது. கைவிட்டேன், குடியிருந்தாள் என்று எழுதியிருப்பதன் அர்த்தம் அவர் வெளியே வந்துவிட்டார் என்பதுதானே? ஆமாம் என்று எழுதினேன்.

பிறகு பல நாள் வெறும் லயம் அங்கே நின்றது. ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். வீணாக வந்துவிட்டோமோ என்று மச்சான் ஒருமுறை சாடையாகக் கேட்டார். நான் என் வேலையைச் செய்தபடி திரையின் ஓரத்தில் அந்த எண்ணைத் திறந்து வைத்திருப்பேன். ஒரு முற்பகல், கொழும்புக் கம்பெனியின் கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தபோது, எண் ஓட ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக அல்ல. நிற்காமல் ஓடியது. பிறகு நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அக்கா போனை எடுக்க நேரமாயிற்று. ஸ்டோர் முற்றத்திலிருந்து எல்லாம் தெரியும்.

"சத்தமே இல்லடி," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "இடிஞ்சு விழும்னு நெனச்சேன். விழல. அப்பிடியே உக்காந்த மேனிக்குப் போகுது. நம்ம கூரை, நம்ம வாசல், பிள்ளைக்காம்பரா, எல்லாம் நின்ன மாதிரியே கீழ போகுது. அந்த சைரன் சாக்குக்குள்ள கத்திக்கிட்டே போச்சு. தேயிலைக்குள்ள போயும் கேட்டுச்சு. இப்பதான் நின்னுச்சு."

லயத்தில் அப்போது யாரும் இருக்கவில்லை. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். கூட்டத்தில் இருந்தவர்கள் என் மைக்கை மூடச் சொன்னார்கள்.

சில வாரம் கழித்து அந்த டிரைவருக்கு இன்னொரு திருத்தம் அனுப்பினேன். நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அடுத்து வருகிறவர் படிக்க ஒரு குறிப்பு மட்டும். அடுத்தடுத்து வேகமாக வரும் துடிப்புகளை இரைச்சல் என்று தள்ளிவிட வேண்டாம், மண் சில நேரம் துள்ளித் துள்ளித்தான் நகரும் என்று. காரணத்தை எழுத வேண்டிய இடத்தில் இந்த முறை நான் திணறவில்லை. பொறுப்பானவர் எடுத்துக்கொண்டார். அது இப்போது கர்னலில் இருக்கிறது.

போன வாரம் அக்கா கூப்பிட்டாள். வா என்றாள், எதற்கு என்று சொல்லவில்லை. போனேன். அவர்களுடைய தடுப்பு ஸ்டோரின் பின்சுவரோடு ஒட்டினது. நூற்றாண்டு பழைய கருங்கல் சுவர், அதில் மாரியம்மன் படம் மாட்டியிருந்தது. மகள் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். அக்கா விளக்கு ஏற்றாமல், படத்துக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

படம் சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான்.

ஆணி தளர்ந்திருக்கும், காற்றில் ஆடியிருக்கும், பிள்ளை விளையாடித் தட்டியிருப்பாள். ஆயிரம் காரணம் என் வாயில் வந்தது. அவற்றோடு சேர்ந்து என் கையும் நீண்டது, ஒரு விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நேராகிவிடும்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத," என்றாள். "மொதல்ல ஏன்னு பாரு."